இரண்டு விரல் இடைவெளி

கிள்ளினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் ஈரத்துணியால் என் வீட்டுக்காரர் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஏனென்று தெரியாமல், இடது கால் பெருவிரலை நகம் பதியக் கிள்ளினேன். வீட்டில் என்றால் காலை உதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருப்பார், கொசு கடித்தால் கூட ஊரைக் கூட்டுகிற ஆள். மேலே பார்த்தபடி, "இந்த ஃபேனு காத்துக்குச் சுத்துதா, சத்தத்துக்குச் சுத்துதா?" என்றார். இன்னொரு தரம் கிள்ளினேன். நகக்குறி வெள்ளையாக விழுந்து அப்படியே கிடந்தது, சிவக்க நேரமானது. அவர் ஃபேனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அதற்குள் செக்யூரிட்டி தடியைத் தட்டிக்கொண்டு வந்து, "ரவுண்ட்ஸ் வருது, கூட இருக்கறவங்கெல்லாம் வெளிய, வெளிய" என்று விரட்ட, துணியைப் பிழியாமலே வாளிக்குள் போட்டுவிட்டு வந்துவிட்டேன். கம்பிக் கதவு சாத்தியாயிற்று. இந்தப் பக்கம் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பக்கம் வார்டு நீளமாகப் போகிறது. கடைசியில், ஜன்னலோரம், அவர் கட்டில். வெள்ளைக் கோட்டுக் கூட்டம் முதல் கட்டிலில் நிற்கிறது. அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கடந்து அவரிடம் வருவதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். முடிவு செய்ய என்ன இருக்கிறது, சொல்ல வேண்டியதுதானே. சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். அந்த விரலின் குளிர்ச்சி இன்னும் என் கையில் இருக்கிறது. ஈரத்துணி பட்டதால் குளிர்ந்திருக்கலாம். வலது காலையும் அதே துணியால்தான் துடைத்தேன். அது குளிரவில்லை.

அவர் லாரியில் இரும்புக் குழாய் லோடு. கிருஷ்ணகிரி தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியை நிறுத்திக் கயிற்றை இறுக்கியிருக்கிறார். லோடு ஏற்றிய இடத்திலிருந்து கொஞ்ச தூரம் ஓடினால் கயிறு தளரும், இறங்கி மறுபடி இறுக்க வேண்டும், லாரிக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். கயிறு அறுந்து குழாய்கள் உருண்டு இடது காலை டயரோடு வைத்து அழுத்திவிட்டன. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "கயிறு பழசுங்க" என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பழைய கயிற்றை அவர் வண்டியில் வைத்திருக்க மாட்டார். இறுக்கியது போதும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை, அதுதான் விஷயம். வீட்டுக் குழாயை அவர் மூடினால் அப்புறம் அவர் வந்துதான் திறக்க வேண்டும். நான் குடத்தோடு நின்று கத்துவேன், அவர் சிரித்துக்கொண்டே வருவார், "மூடுறதுன்னா மூடோணும் புள்ள" என்பார். அந்தக் கையை எனக்குத் தெரியும். எலும்பு உடையவில்லை என்று சொன்னபோது மலைச்சாமிக்குக் கும்பிடு போட்டேன். சாயங்காலத்துக்குள் கால் வீங்கி, பளபளவென்று, தொட்டால் மரம் மாதிரி ஆகிவிட்டது. உள்ளே வீக்கம் ரத்த ஓட்டத்தை நெரிக்கிறது, தோலை நீளமாகக் கிழித்துவிட்டால்தான் கால் பிழைக்கும் என்றார்கள். முழங்காலுக்குக் கீழே தொடங்கிக் கணுக்கால் வரைக்கும் கிழித்தார்கள். முதல்முதல் கட்டுப் பிரித்தபோது பார்த்தேன். வாரத்துக்கு ஒருமுறை கறி எடுக்கிற வீடுதான் எங்களுடையது, ஆனாலும் மனுஷன் காலுக்குள்ளே இவ்வளவு சிவப்பு இருக்கும் என்று நினைத்ததில்லை. வீக்கம் வடிந்துவிட்டது. விலகிய தோல் மட்டும் விலகியே நின்றது. நடுவில் ஒரு உள்ளங்கை வைக்கலாம். விட்டால் தோல் சுருங்கிக்கொள்ளுமாம், தானாக ஒன்று சேராதாம்.

அப்போதுதான் சின்ன டாக்டரம்மா இந்த வைத்தியத்தைச் சொன்னது. ரெஹானா என்று பெயர், கோட்டில் எழுதியிருக்கிறது. புண்ணின் இரண்டு ஓரத்திலும் வரிசையாகப் பின் அடித்து, சிவப்பு ரப்பர் நூலை இப்படியும் அப்படியுமாகக் கோத்து, நுனியில் ஒரு கிளிப். ஒன்றுவிட்டு ஒருநாள் கட்டைப் பிரித்து, கொஞ்சம் இழுத்து, மறுபடி கிளிப். "தோல் கொஞ்சம் கொஞ்சமா நீண்டு குடுக்கும். அவசரப்படக் கூடாது" என்றது. அவருக்கு ஒரே சந்தோஷம். "தார்ப்பாய்க்குக் கயிறு போட்டாப்புல இருக்குதுங்களே டாக்டரம்மா! இதத்தானுங்க நான் இருவது வருசமா பண்றேன்." அந்தப் பிள்ளையும் சிரித்தது. சிரித்திருக்க வேண்டாம். அன்றைக்கே அவர் மனதில் அது வைத்தியம் இல்லை, லோடு கட்டுகிற வேலை என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தப் பிள்ளை இழுக்கும். தோல் ஓரம் வெளுக்கும். உடனே ஒரு நூலளவு விட்டுவிட்டு, சிவப்புத் திரும்புகிறவரை பேசாமல் குனிந்து நிற்கும். அவர் பார்த்தது இழுத்ததை. நான் பார்த்தது விட்டதை. இதை நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. தொழில் தெரிந்தவரிடம் என்ன சொல்வது. உள்ளங்கை அகலம் நாலு விரலாகி, மூன்று விரலாகி, இரண்டு விரலுக்கு வந்து நின்றது. நின்றேவிட்டது. நேற்றுக் காலை பெரிய டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு தரம் பாப்போம். மூடலைன்னா தொடையில தோல் எடுத்து ஒட்டிரலாம்" என்றார். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நகர்ந்துகொண்டே, "கீழ எலும்பு மேலயே வருது. அங்க ஒட்டுனா நிக்குமான்னு சந்தேகந்தான்" என்று சின்ன டாக்டரம்மாவிடம் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. எனக்கும் விழுந்தது. இடது கால். கிளட்ச் மிதிக்கிற கால்.

இரண்டாவது கட்டிலுக்கு வந்துவிட்டார்கள். இல்லை, இரண்டாவதில் ஆளே இல்லை, போர்வை சுருட்டி வைத்திருக்கிறது, மூன்றாவதுக்குப் போகிறார்கள். பக்கத்தில் ஆத்தூர்க்காரம்மா டிபன் டப்பாவைத் திறந்து இட்லி சாப்பிடுகிறது. மகன் பைக்கிலிருந்து விழுந்து கை உடைந்து கிடக்கிறான், நாலாவது கட்டில். இந்த அம்மாவுக்கு எதிலும் ஒரு பேச்சு. "சம்பூரணம், உங்கூட்டுக்காரரு கால தச்சாச்சா?"

"தைக்கலீங்க. ரப்பரு கோத்து இழுக்கறாங்க."

"அதென்ன, பாவாடைக்கு நாடா கோத்து இழுக்கறாப்பலயா?"

"ஆமாங்க. அப்படியேதான்."

"அட சாமி! நானே நாடாவ ஒரேடியா இழுத்துப்புட்டு முடிச்ச அவுக்க முடியாம எத்தன நாளு நின்னுருக்கேன்" என்று இட்லி தொண்டையில் சிக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு வந்தது, அதுதான் வெட்கம். ஒரேடியா இழுத்துப்புட்டு. நேற்று மத்தியானம். சாப்பாடு முடிந்து வார்டே அயர்ந்து கிடந்தது. நர்சு அக்கட்ட, அடுத்த ரூமில் இருந்தது. அவர் கண்ணைக் காட்டினார். "போர்வையத் தூக்கிப் புடி." எதற்கென்று கேட்டேன். "காத்து வரட்டும், வேகுது." பிடித்தேன். நிஜமாகவே காற்றுக்கு என்றுதான் பிடித்தேன், முதலில். கட்டுத்துணியைச் சுருள் சுருளாகப் பிரித்தார், எடுத்த வரிசையிலேயே மடித்து வைத்தார், வேலையில் அவருக்கு ஒழுங்கு உண்டு. கிளிப்பை விடுவித்து ரப்பரின் நுனியை விரலில் சுற்றினார். அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. "ஏனுங்க, வேண்டாமுங்க" என்றேன். "நூலு நூலா இழுத்தா பொங்கலுக்குத்தான் மூடும். கயிறு இன்னும் குடுக்குது புள்ள, கையிலயே தெரியுது" என்றார். குரலில் பயம் இருந்தது. இருபது வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அவர் குரலில் பயத்தை இரண்டாவது முறையாகக் கேட்கிறேன். அதனால்தான் போர்வையைக் கீழே விடவில்லை. இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை உள்ளே வாங்கிக்கொண்டு, வண்டியின் கொக்கியில் கயிற்றை இழுப்பாரே அதே மாதிரி தோளைச் சாய்த்து இழுத்தார். இரண்டு ஓரமும் கிட்டே வந்துவிட்டன. ஒரு விரல்கூட வைக்க முடியாது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓரம் வெளுத்தது. நான் சிவப்புக்காகக் காத்திருந்தேன். அவர் கிளிப்பைப் போட்டுக் கட்டத் தொடங்கிவிட்டார். "பாத்தியா. நாளன்னிக்குப் பிரிச்சதும் டாக்டரு அசந்துருவாரு." இன்றைக்குக் கட்டுப் பிரிக்கும் நாள் இல்லை. நாளைக்குத்தான். சிவந்ததா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. துணிக்குள் போய்விட்டது.

அப்புறம் சத்தியம். "யாருகிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது. அறுவதாம் படியில நிக்கறதா நெனச்சுக்கிட்டுச் சொல்லு." எங்கள் திருச்செங்கோட்டு மலையில் ஏறுகிறபோது அறுபது படி ஒன்றாக இருக்கிறது. அந்தக் காலத்தில் கோர்ட்டுக்குப் போகாமல் அங்கே நின்று சத்தியம் செய்தால் போதும், வழக்கு தீர்ந்தது என்பார்கள். அங்கே சொன்ன சொல் தவறினால் குடும்பம் விளங்காது என்றும் சொல்வார்கள். அவருக்குப் பெயரே அந்த மலையின் பெயர், செங்கோடன். சின்ன வயதில் வாயை இறுக மூடிக்கொண்டு அதில் கடைசிப் படியை மட்டும் மிதிக்காமல் தாண்டிப் போவேன், தெரியாமல் மிதித்துவிட்டால் அன்று முழுக்கப் பொய் சொல்லப் பயமாக இருக்கும். நேற்று அவர் கையில் என் கையை வைத்துச் சொன்னேன். சொல்ல மாட்டேனுங்க என்று. அது வேறு விஷயம், இது வேறு விஷயம். இழுத்ததைச் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம். விரல் மரத்துப்போனதைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் இல்லை. ஆனால் விரல் ஏன் மரத்தது என்று கேட்பார்களே. மரத்துத்தான் போயிற்றா. ஃபேனில் கவனமாக இருந்திருக்கலாம். நான் சரியாகக் கிள்ளாமல் இருந்திருக்கலாம். இப்போது என் காலைக் கிள்ளிப் பார்க்கிறேன், அதே அழுத்தத்தில். வலிக்கிறது. ஆத்தூர்க்காரம்மா என்னையே பார்க்கிறது. "எறும்புங்களா?" "ஆமாங்க." இதுவும் ஒரு பொய்.

மலைமேல் சாமி பாதி ஆண், பாதி பெண். ஒரே உடம்பு. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த நடுக்கோட்டைத் தேடுவேன். இந்தப் பக்கம் வேட்டி, அந்தப் பக்கம் சேலை, நடுவில் எங்கே சேர்கிறது என்று எட்டி எட்டிப் பார்ப்பேன். அலங்காரத்தில் ஒன்றும் தெரியாது. அம்மா தலையில் குட்டுவாள். சாமிக்கு ஒட்டிக்கொள்ள எவ்வளவு காலம் ஆகியிருக்கும், தெரியவில்லை. யார் இழுத்தது. யாரும் இழுத்திருக்க மாட்டார்கள். என் வயிற்றை யார் இழுத்தது. கல்யாணமாகி ஆறாவது வருடம் தங்கியது. முட்டைப் பண்ணைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன், எட்டாம் மாதம் வரைக்கும். தட்டில் முட்டை எடுத்து அடுக்கும்போது இரண்டை ஒன்றோடொன்று லேசாகத் தட்டுவோம், கீறல் விழுந்தது என்றால் சத்தம் தட்டையாக வரும், தனியே வைத்துவிடுவோம். ஒரு கையில் தட்டிக்கொண்டே இன்னொரு கையால் வயிற்றைத் தடவுவேன். தோல் நாளுக்கு நாள் விரிந்தது. வரிவரியாக, முதலில் சிவப்பாக, அப்புறம் வெள்ளையாக. அரிக்கும். இவர் ஊருக்கு வந்தால் தேங்காயெண்ணெய் தேய்த்துவிடுவார், அந்தக் கனத்த கையால், அவ்வளவு மெதுவாக. "கிழிஞ்சுறாதா புள்ள?" என்று கேட்டார் ஒருநாள். அதுதான் அவர் பயந்து நான் கேட்ட முதல் தரம். கிழியவில்லை. கேட்ட அளவுக்குக் கொடுத்தது. உள்ளே இருப்பது உயிரோடு வருமா என்று விசாரித்துக்கொண்டு தோல் விரிவதில்லை. எட்டாம் மாதம் அசைவு நின்றது. இரண்டு நாளாக அசையவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நாமே ஏன் அபசகுனமாகச் சொல்ல வேண்டும், தூங்குகிறதாக இருக்கும் என்று இருந்தேன். எப்போது சொல்லியிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா, தெரியவில்லை. அதற்கப்புறம் தங்கவில்லை. வயிற்றில் அந்த வரிகள் இருக்கின்றன. குளிக்கும்போது கை பட்டால் தெரியும். ஆள் வராத வீட்டைப் பெரிதாகக் கட்டி வைத்த மாதிரி.

இதை எதற்கு இப்போது நினைக்கிறேன். கால் வேறு, வயிறு வேறு. அசையவில்லை என்பது வேறு, கிள்ளினால் தெரியவில்லை என்பது வேறு. நாலாவது கட்டிலில் நிறைய நேரம் நிற்கிறார்கள். ஆத்தூர்க்காரம்மா டப்பாவை மூடிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. "எம்மவனப் பாத்து எதுக்குச் சிரிக்கறாரு பெரிய டாக்டரு? ஏதாச்சும் உளறிருப்பான்." அது முடிந்து கூட்டம் நகர்கிறது. வராந்தாவில் ஃபினாயில் தெளித்துத் துடைத்துக்கொண்டு வருகிறார்கள், சேலையைத் தூக்கிக் காலை மடக்கிக்கொள்கிறேன். இன்றைக்குச் சொல்லாவிட்டால் நாளைக்குக் காலை கட்டுப் பிரிப்பார்கள். தோல் ஓரம் கறுத்திருந்தால் என்ன நினைப்பார்கள்? நாம் கொஞ்சமாகத்தானே இழுத்தோம், அதற்கே தாங்கவில்லையே, இந்தத் தோல் ஆகாது என்று ரப்பரை வெட்டி எறிந்துவிட்டுத் தொடையை வழிக்கச் சொல்வார்கள். நியாயந்தானே, அவர்களுக்கு எப்படித் தெரியும். அதுவும் கறுப்பு தோலோடு நின்றால். உள்ளே மறுபடியும் நெரித்துக்கொண்டிருந்தால்? முதல்நாள் அவர்கள் பயந்தது அதைத்தானே, அதற்குத்தானே கிழித்தார்கள். அவர்கள் கிழித்துத் திறந்ததை இவர் இழுத்துப் பூட்டிவிட்டார். குழாயை மூடுகிற மாதிரி. இவர் வந்துதான் திறக்க வேண்டும், இவரால் திறக்க முடியாது, இவருக்கு மூடியதே தெரியாது. அல்லது தெரியும். விரல் மரத்தது அவருக்கே தெரியும், தெரிந்துதான் ஃபேனைப் பற்றிப் பேசினார். நான் கிள்ளுவதைக் கண்ணால் பார்த்திருப்பார், காலால் அறியவில்லை, பயந்துபோய் மேலே பார்த்தார். அப்படியும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் விரல் ஒன்றுதான்.

நர்சிடம் மட்டும் காதோடு சொல்லிவிடலாம். கால் கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருக்கிறது, பாருங்கள் என்று. அதில் சத்தியம் கெடாது. அந்த அம்மா ட்ரேயைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் நிற்கிறது, எப்படிக் கூப்பிடுவது. செக்யூரிட்டியிடம் கேட்கலாம். "அண்ணா, ஒரு நிமிசம் உள்ள போய்ட்டு வந்தர்றேன்." "அதெல்லாம் முடியாதும்மா. ரவுண்ட்ஸ் முடியட்டும்." "கால்ல ஒரு இது." "எல்லாத்துக்கும் கால்ல கையிலதான். இது எலும்பு வார்டு." ஆத்தூர்க்காரம்மா, "வெவரஞ் சொல்றாரு பாரு, நாமெல்லாம் பல்லு வலிக்கு வந்துட்டம்னு நெனச்சுட்டாராட்டம்" என்றது. அவன் தடியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

கூட்டம் அவர் கட்டிலுக்கு வந்துவிட்டது. கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து எல்லாம் சின்னதாகத் தெரிகிறது. பெரிய டாக்டரின் நரைத்த தலை. சின்ன டாக்டரம்மா ஏதோ சொல்கிறது. பேச்சு இங்கே கேட்கவில்லை, ஆனால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். எப்படி இருக்கு செங்கோடன்? நல்லா இருக்குதுங்க சார். வலி? இல்லீங்க. வலி இல்லை என்றால் நல்லது என்று நினைப்பார்கள். விரலை ஆட்டுங்க. ஆட்டுவார். இதோ ஆட்டுகிறார். ஜன்னல் வெளிச்சத்தில் விரல்கள் ஆடுவது இங்கே வரைக்கும் தெரிகிறது, சிரித்த முகமாக ஆட்டிக் காட்டுகிறார், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி. நேற்றுச் சாயங்காலமும் நர்சு கேட்டபோது ஆட்டினார். ஆட்டுவது வேறு, கிள்ளினால் தெரிவது வேறு. கட்டைத் தொடவில்லை. பெரிய டாக்டர் கையை நீட்டி அவர் தோளைத் தட்டுகிறார். சின்ன டாக்டரம்மா அடுத்த பக்கம் திரும்புகிறது. கடைசிக் கட்டில் அதுதான், இனி இவர்கள் அந்தக் கோடி வழியாக இறங்கிப் போய்விடுவார்கள், அந்த வாசல் எனக்குக் கிடையாது. நாளைக்குக் காலைதான் வருவார்கள். குடும்பம் விளங்காது. விளங்காமல் போக எனக்கு இனி என்ன பாக்கி இருக்கிறது, இந்த ஒரு காலைத் தவிர.

பண்ணையில் கோழிச் சத்தத்துக்கு மேலே கூப்பிட்டுப் பழகிய தொண்டை. "டாக்டரம்மா!" என்றேன். வார்டு முழுக்கத் திரும்பியது. "நேத்து மத்தியானம் நாங்க கட்டப் பிரிச்சுட்டோமுங்க! ரப்பர இழுத்துப்புட்டோமுங்க! காலையில கிள்ளுனேன், வெரலு மரத்துக் கெடக்குதுங்க!" செக்யூரிட்டி தடியைத் தூக்கினான், தூக்கியபடியே நின்றான். அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. தெரிந்தது. சின்ன டாக்டரம்மா திரும்ப ஓடிவந்து அவர் காலடியில் குனிந்தது. பெரிய டாக்டர் கையைக் காட்ட, கதவு திறந்தது. ஆத்தூர்க்காரம்மா என் முதுகைத் தள்ளியது, "போ சம்பூரணம், போ, நின்னுக்கிட்டே இருக்கற."

நான் போய்ச் சேர்வதற்குள் கட்டு பாதி பிரிந்திருந்தது. "யார் இழுத்தது?" என்றார் பெரிய டாக்டர். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "நாந்தானுங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. துணியின் கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டு வந்தது. ஓரம் வெளுப்பில்லை, சிவப்பில்லை, கத்திரிக்காய் நிறம். கால் மினுமினுவென்று இறுகி இருந்தது, முதல்நாள் மாதிரி. சின்ன டாக்டரம்மா கிளிப்பைக் கழற்றியது. ரப்பர் சரசரவென்று ஓடவில்லை, தயங்கித் தயங்கிப் பின்வாங்கியது, கூடவே தோலும். ஒரு விரல். ஒன்றரை. இரண்டு. நிற்கவில்லை. மூன்று விரல் வைக்கலாம் என்கிற இடத்தில் வந்து நின்றது. இத்தனை நாள் பொறுத்து வந்ததில் ஒரு பங்கு என் கண்முன்னால் திரும்பிப் போனது. பெரிய டாக்டர் ஓரத்தை விரலால் அழுத்தி எடுத்தார். வெள்ளைக் குறி. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் நேற்றுப் பார்க்காமல் விட்டதை இன்று பார்த்தேன். மெல்ல, கீழேயிருந்து ஊறுவது மாதிரி, சிவந்தது. ஓர் ஓரத்தில் மட்டும், கணுக்காலுக்குக் கிட்டே நகக்கண் அளவுக்கு, சிவக்கவில்லை. "அந்த எடம் போலாம், போகாமலும் இருக்கலாம். மத்தது இருக்கு" என்றார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, "செங்கோடன், லாரிய நீ ஓட்டு. இத நாங்க ஓட்டறோம்" என்றார். யாரோ சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. "இனி இது ஆகாதுங்களா சார்? தொடையில எடுத்துருவீங்களா?" என்றார், ஜன்னலிடம். "ஏன் எடுக்கணும்? தோலா தகராறு பண்ணுச்சு? நீதான பண்ணுன. ரெண்டு நாள் தொடாம விட்டு, மறுபடி மொதல்லருந்து இழுப்போம்." சின்ன டாக்டரம்மா பாதத்தைத் தொட்டுப் பார்த்தது, ஊசி முனையால் தொட்டுக் கேட்டது. முன்பாதத்தில் "தெரியுது" என்றார். பெருவிரலில் பேசாமல் இருந்தார். "ஒரு மணிக்கொருதரம் பாக்கறேன்" என்று நர்சிடம் சொல்லிவிட்டுப் போனது.

 சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்க முடியாது, கால் அப்படி, அதனால் அவர் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். நான் வாளியில் கிடந்த துணியைப் பிழிந்து காயப்போட்டேன். தண்ணீர் மாற்றினேன். சத்தியம் என்ன ஆயிற்று என்று யோசிக்கப் பார்த்தேன், யோசனை ஓடவில்லை. மூன்று விரல், மூன்று விரல் என்றே வந்தது. சாப்பாட்டு வண்டி வந்தது. சோற்றைப் பிசைந்து கொடுத்தேன், தட்டை என்னிடமிருந்து வாங்கித் தானே சாப்பிட்டார், பாதியில் வைத்துவிட்டார். சின்ன டாக்டரம்மா வந்து பார்த்தது, தலையை ஆட்டிவிட்டுப் போனது, அது நல்ல ஆட்டலா கெட்ட ஆட்டலா என்று கேட்கத் தைரியம் இல்லை. ஆத்தூர்க்காரம்மா மகன் கட்டிலிலிருந்து என்னைப் பார்த்துக் கையால் என்ன என்று கேட்டது. தெரியாது என்று காட்டினேன். வெயில் ஜன்னலைத் தாண்டிக் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை, தூங்கினால் வாய் திறந்திருக்கும். புதுத் தண்ணீரில் துணியை நனைத்துப் பாதத்தைத் துடைத்தேன். குதிகால், உள்பாதம், விரலிடுக்கு. பெருவிரலைத் தொட்டபோது என் கை சூடா, விரல் சூடா என்று தெரியவில்லை. முகத்தைப் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு, காலையில் வைத்த அதே இடத்தில் நகத்தை வைத்தேன். அழுத்தினேன்.

"எளவெடுத்தவளே!" கால் வெட்டி இழுத்தது. வாளி கவிழ்ந்து கட்டிலுக்கு அடியில் தண்ணீர் ஓடியது. "கிறுக்குப் புடிச்சிருக்குதா உனக்கு? வலிக்குதுல்ல?"

மறுபடியும் கிள்ளினேன்.